கேட்டால் காட்ட வேண்டிய புத்தகம்

பொரியைத் தேடி எறும்பு வரிசை கட்டியதால்தான் பொற்கொடி மறுபடியும் பூஜைப் பலகைப் பக்கம் போனாள். இல்லையென்றால் மறுநாள் காலை வரைக்கும் அவளுக்கு விஷயம் தெரிந்தே இருக்காது. எறும்பைத் தட்டிவிட்டுப் பொரிக் குவியலைக் கையால் ஒதுக்கினாள். அடியில் பழுப்பு அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகம் விரித்தபடி கிடந்தது. முதல் பக்கத்தில் அவள் புருஷன் கருப்பசாமியின் படம். படத்தின் நெற்றியில் காலையில் அவளே வைத்த சந்தனமும் குங்குமமும்.

துப்பாக்கி அவனோடு போய்விட்டது. துப்பாக்கிக்கான லைசென்ஸ் இங்கே பொரிக்கு அடியில் கிடக்கிறது.

கருப்பசாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவன். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டு ஆள். ஓசூரில் காவலுக்கு ஆள் எடுக்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, 'சொந்தத் துப்பாக்கி இருக்கா?' என்பதுதான். கண் தெரியுமா, குறி பார்த்துச் சுடுவாயா என்பதெல்லாம் அப்புறம். ஊரில் கிடந்த துண்டு நிலத்தை விற்று ஒரு ரிவால்வரை வாங்கினான். அதற்கு லைசென்ஸ் வாங்குவதற்குள் செருப்புத் தேய்ந்தது என்று சொல்வார்களே, அவனுக்கு உண்மையாகவே தேய்ந்தது. கடைசியில் கிரானைட் முதலாளி நாராயணப்பனுக்குக் கன்மேனாகப் போய்ச் சேர்ந்தான். முதலாளி காரில் பின்னால் உட்காருவார், இவன் முன்னால் உட்காருவான். வேலை அவ்வளவுதான் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அவன் அப்படி நினைக்கவில்லை. "இடுப்புல துப்பாக்கி, நெஞ்சுல புஸ்தகம். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் நான் காவக்காரன். ஒண்ணு இல்லைன்னா ரவுடிப்பய" என்று பொற்கொடியிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். போலீஸ்காரர் கேட்டால் அந்த இடத்திலேயே, அந்த நிமிஷமே எடுத்துக் காட்ட வேண்டும். வீட்டில் இருக்கிறது, பெட்டியில் இருக்கிறது என்ற பேச்சுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. அதற்காகவே சபாரிச் சட்டையின் உள்பக்கம் ஜிப் வைத்த பை தைத்திருந்தான். பழைய புத்தகம் பக்கம் தீர்ந்துபோய், போன மாதம்தான் கிருஷ்ணகிரியில் புதுப் புத்தகம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒட்டியது பஸ் ஸ்டாண்டு எதிரில் ஐந்து நிமிஷத்தில் பிரிண்ட் போட்டுத் தருகிற கடைப் படம். வேர்வைக் கையால் தொட்டால் சாயம் விரலில் ஏறுகிறது என்று அவனே அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் வாங்கிப் போட்டிருந்தான்.

அந்த உறையைத்தான் காலையில் பொற்கொடி உருவி எடுத்தாள்.

ஆயுத பூஜை என்றால் ஓசூரில் சும்மாவா? பிரஸ் மிஷினிலிருந்து பஞ்சர் கடைக் காற்றுப் பம்பு வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கருப்பசாமிக்கும் அந்த நாள் ரொம்பப் பிடிக்கும். பட்டாளத்திலும் துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பூஜை போடுவார்களாம். ரிவால்வரிலிருந்து குண்டுகளைக் கழற்றி எடுத்துவிட்டு, மடித்த துண்டின் மேல் அவனே கொண்டுவந்து வைத்தான். குளிக்கப் போனான். அவன் குளிக்கிற நேரத்தில் பொற்கொடிக்கு ஒரு நினைப்பு. சோறு போடுவது துப்பாக்கியா, அந்தப் புத்தகமா? புத்தகம் இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புதானே? சட்டைப் பையிலிருந்து எடுத்தாள். அட்டையை மட்டும் வைத்தால் சாமிக்கு யாருடையது என்று எப்படித் தெரியும் என்று, படம் இருக்கிற பக்கத்தை விரித்து வைத்தாள். சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் இட்டாள். அதன் மேல் குங்குமம். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் பொரியை அள்ளிக் குவித்ததில் புத்தகம் அடியில் மறைந்துபோயிற்று. சாமான் எடுத்த பையை வெறும் பையாக விடக்கூடாது என்பது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். அதனால் மலைக்கோயில் குங்குமப் பொட்டலத்தை அந்த ஜிப் பைக்குள் வைத்து மூடினாள். அவனிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பூஜை முடிந்து, பொங்கலும் சுண்டலும் சாப்பிட்டு, பாயை விரித்த நேரத்தில் வாசலில் ஹாரன் அடித்தது. முதலாளி வண்டி. டிரைவர் தீர்த்தகிரி எட்டிப் பார்த்து, "அண்ணா, ராயக்கோட்டை போவணுமாம், ரெடியாகு" என்றான்.

உள்ளாட்சித் தேர்தல் நேரம். முதலாளியின் மச்சினன் அங்கே நிற்கிறார். மச்சினனுக்கு ஓட்டுக் கேட்கப் போகிற முதலாளிக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருந்தால்தான் மரியாதை.

கருப்பசாமி சட்டையை மாட்டிக்கொண்டு பலகையிடம் போனான். பொற்கொடி குறுக்கே வந்து நின்றாள்.

"ஏங்க, சாமி முன்னாடி வச்சதை நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். வருசத்துல ஒரு நாள் அது சும்மா கெடந்தா என்ன?"

"முதலாளி கூப்புடுறாரு. நான் என்ன செய்ய?"

"மேலுக்கு முடியலைன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா? ஒரு சூடத்தைக் காட்டி, லேசா நகத்தி எடுத்துக்கிடுறேன். மறுபூஜை போட்ட கணக்கு. ஆகாதா?"

"ஆகாது. சாமிகிட்டப் போயிக் குறுக்குவழி பேசாதீக."

அவன் அவளைத் தாண்டிப் பலகைக்குக் குனிந்தான். அப்புறம் கையை நீட்டி ரிவால்வரை மட்டும் எடுத்து, சந்தனத்தைத் துண்டில் துடைத்து, குண்டுகளைப் போட்டு இடுப்பில் செருகினான். பொரிக்கு அடியில் கிடந்த புத்தகம் அவன் கண்ணில் படவில்லை. வழக்கம்போலச் சட்டையின் நெஞ்சுப் பக்கம் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே தடிமனாக ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. போனான்.

அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் அவள் அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். கோபத்தில் புத்தகத்தின் நினைப்பே அவளுக்கு இல்லை. சண்டை போட எத்தனை வார்த்தை வந்தது! சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை வரவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு பொற்கொடி தெருவுக்கு ஓடினாள். மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு முனையில் ஒரு எஸ்.டி.டி. பூத். போனுக்கு மாலை போட்டு, ரிசீவர் மேல் மூன்று விரல் சந்தனம் தீட்டியிருந்தது. பூத்துக்கார அசோக்குமார் வாழைக்கன்றைத் தூணில் கட்டிக்கொண்டிருந்தான்.

"அக்கா, போனெல்லாம் நாளைக்குத்தான். பூஜைல இருக்குது பாருங்க."

"தம்பி, உங்க அண்ணனுக்கு ஆபத்துப்பா."

அவன் யோசித்து முடிப்பதற்குள் அவளே மாலையை ஒதுக்கிவிட்டுக் கருப்பசாமியின் செல்போன் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பொம்பளைக் குரல் மூன்று பாஷையில் சொன்னது. முதலாளி வண்டியில் ஏறினால் கன்மேன் போனை அணைத்துவிட வேண்டும். அது முதலாளியின் உத்தரவு. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

அப்போது முதலாளியின் வெள்ளைக் கார் தெருவுக்குள் வந்தது. முன் சீட்டு காலியாக இருந்தது. பின் சீட்டும் காலி. தீர்த்தகிரி இறங்கி வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே பொற்கொடி ரிசீவரை வைத்துவிட்டு எதிரே ஓடினாள்.

"அண்ணி, அண்ணனைப் புடிச்சு வெச்சுட்டாங்க."

ராயக்கோட்டை ரோட்டில் எலெக்ஷன் செக்கிங். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் முன்னமே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார்கள். காவல் வேலை பார்க்கிறவன் என்பதால் கருப்பசாமிக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்குச் சீட்டும் அதே புத்தகத்துக்குள்தான் மடித்து இருந்தது.

"எஸ்.ஐ. லைசென்ஸ் கேட்டாரு. அண்ணன் கெத்தா ஜிப்பைத் தெறந்து எடுத்து நீட்டுனாரு. பாத்தா பொட்டலம். பிரிச்சா குங்குமம். அங்க நின்னுகினு இருந்த போலீசெல்லாம் சிரிச்சுட்டாங்க அண்ணி. அண்ணன் சிரிக்கல. கையை விரிச்சபடி அப்படியே நின்னுட்டாரு."

"முதலாளி ஒண்ணும் சொல்லலையா?"

தீர்த்தகிரி காலால் மண்ணைக் கீறினான். "இவன்கிட்ட லைசென்ஸ் இருக்குதான்னு அவரைத்தான் மொதல்ல கேட்டாங்க. ஏஜென்சி அனுப்புன ஆளு, எனக்கு இன்னா தெரியும்னுட்டாரு. மச்சான் ஜீப்பு வந்துது, ஏறிப் போயிட்டாரு."

எத்தனை வருஷம் அந்த மனுஷனுக்கு முன்னால் நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கருப்பசாமி! பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை.

"அந்த எஸ்.ஐ. நல்லவராத்தான் தெரியுறாரு அண்ணி. புஸ்தகம் வந்தா பாத்துக்கலாம்னாரு. ஸ்டேஷன்ல சாயந்தரம் பூஜை இருக்குது. அது முடிஞ்சு அவுங்க எழுத உக்காரதுக்குள்ள கொண்டுகினு போயிடுங்க. எழுதிட்டா கேஸு. அப்புறம் ஜெயிலுதான்."

"அப்ப ஏறு, போவோம்."

தீர்த்தகிரி நகரவில்லை. "முதலாளி வண்டி ஸ்டேஷன் பக்கமே தலை காட்டக்கூடாதுன்னுட்டாரு அண்ணி. பேப்பர்காரன் பாத்துருவானாம். உங்களுக்குச் சேதி சொல்றதுக்கே நான் திருட்டுத்தனமாத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காரில் ஏறிக்கொண்டான்.

அடுத்த வீட்டு மாதேஷிடம் ஆட்டோ இருந்தது. கண்ணாடி தெரியாத அளவுக்கு மாலை, மூன்று சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பொற்கொடி போய் நின்றதும் அவன் அம்மா வெங்கடம்மா, "அய்யோ தேவுடா, ஏன் பொற்கொடி இப்படி மூச்சு வாங்குது?" என்று தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மாதேஷ் தலையைச் சொறிந்தான்.

"பூஜை போட்டு நிறுத்தியாச்சுக்கா. சாவி சாமிகிட்ட இருக்குது. நாளைக்கு எடுத்துதான் வண்டியை நகத்தணும். இன்னிக்கு எடுத்தா வருசம் பூரா வண்டி படுத்துக்கும்பாங்க. வேற யாருன்னா பாருங்களேன்."

அவனைத் திட்ட வாய் வரவில்லை. காலையில் பலகைக்குக் குறுக்கே நின்றுகொண்டு அவள் சொன்னதைத்தான் அவனும் சொல்கிறான். இவள் சொன்னால் பக்தி, அவன் சொன்னால் ஈவிரக்கமில்லாத்தனமா? வெங்கடம்மா மகனைத் தெலுங்கில் வைய ஆரம்பித்தாள். அந்தச் சண்டை முடிகிற வரைக்கும் பொற்கொடி காத்திருக்கவில்லை.

ஓடினாள், நடந்தாள், மறுபடி ஓடினாள். பெங்களூர் ரோட்டில் ஊரே பொரியும் சாம்பிராணிப் புகையுமாக இருந்தது. வழியெல்லாம் பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தார்கள். மிஷின்கள் நின்றதால் ரோட்டில் ஒரு விசித்திரமான அமைதி. பஸ் ஸ்டாண்டில் ராயக்கோட்டை பஸ் இல்லை. டிரைவர்கள் டெப்போவில் பூஜைக்குப் போயிருக்கிறார்களாம், எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு ஒருவர் வானத்தைக் காட்டினார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ராயக்கோட்டை ரோட்டு முனைக்குப் போய் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கையை நீட்டினாள்.

நின்றது தக்காளி ஏற்றுகிற ஒரு மினி லாரி. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஓட்டியவர் சென்றாயன் என்று ராயக்கோட்டை மண்டிக்காரர், நரைத்த மீசை.

"வா தாயி, ஏறு. பூஜை போட்டுட்டு வண்டியச் சும்மாத்தான் வீட்டுக்கு ஓட்டிகினு போறேன். இன்னா அவசரம்?"

அவள் சொன்னாள். சென்றாயன் முழுக்கக் கேட்டுவிட்டு, "கேட்டா காட்டித்தான் தீரணுமா? நாளைக்குக் கொண்டாந்து காட்டறேன்னா ஆவாதா? எங்களுக்கெல்லாம் வண்டி லைசென்ஸுக்கு அப்படித்தானே விடறாங்க" என்றார்.

"துப்பாக்கிக்கு ஆகாதாம்ண்ணே. அவுகளே சொல்லியிருக்காக."

"அப்ப வெரசாப் போவோம்" என்று அழுத்தினார். வாழைக்கன்றுகள் படபடவென்று அடித்துக்கொண்டன.

பொற்கொடி புத்தகத்தை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஒரு தடவை பிரித்துப் பார்த்தாள். அவள் வேர்வையில் சந்தனம் இளகி, குங்குமம் கண் வரைக்கும் இறங்கியிருந்தது. துடைத்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனாள். சாமிக்கு வைத்த குங்குமம். அதுவும் புருஷன் நெற்றியில் இருக்கிற குங்குமம். அதைத் தன் கையாலே அழிப்பதா? விரலை இழுத்துக்கொண்டாள். கடவுளே, எழுதியிருக்கக் கூடாது, எழுதியிருக்கக் கூடாது என்று மட்டும் வாய்க்குள் முனகிக்கொண்டே போனாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஜீப்புக்கு மாலை போட்டிருந்தது. சென்றாயன், "நான் இங்கயே நிக்கறேன் தாயி, ரெண்டு பேரும் வாங்க" என்றார். அந்த 'ரெண்டு பேரும்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள்.

உள்ளே நீள மேஜையில் துப்பாக்கிகளும் லத்திகளும் கைவிலங்குகளும் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தன. அவற்றின் நடுவே பெரிய பெரிய ரிஜிஸ்டர்கள், மேலே சாமந்திப்பூ. சுவரோரம் தரையில் கருப்பசாமி உட்கார்ந்திருந்தான். பெல்ட்டும் ஷூவும் கழற்றப்பட்டிருந்தன. எங்கே போனாலும் முதுகை நிமிர்த்தியே உட்காருகிறவன், முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகிப்போய் இருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் கண்ணில் வந்தது கோபமில்லை, வெட்கம். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். "வந்துட்டீங்களாம்மா" என்றார். "ரைட்டர், இன்னும் எழுதலையே?"

"இல்ல சார். புக்கு பூஜைல இருக்குது. இப்பத்தான் தீபாராதனை முடிஞ்சுது" என்றார் வயசான ரைட்டர்.

எழுதவில்லை. பொற்கொடிக்கு அழுகை முட்டியது. புத்தகத்தை நீட்டினாள். எஸ்.ஐ. வாங்கினார். விலக்குச் சீட்டை எடுத்துப் படித்தார், தலையசைத்தார். துப்பாக்கி எண்ணைப் பார்த்தார், மறுபடி தலையசைத்தார். முதல் பக்கத்துக்கு வந்தார்.

"முகமே தெரியலையேம்மா."

பக்கத்தில் நின்ற ஏட்டம்மா மங்கம்மா எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, இன்னாம்மா இது? செத்தவங்க படத்துக்குத்தான் பொட்டு வெப்பாங்க. உசுரோட உக்காந்துகினு இருக்கற மனுசனுக்கா வெச்சிருக்கே?"

அந்தப் பேச்சு பொற்கொடியின் மண்டையில் இடியாக இறங்கியது. சாமி படத்துக்கு வைப்பதுபோலத்தானே வைத்தாள்? அவள் வீட்டுச் சுவரில் மாமனார் படம் தொங்குகிறது. அதன் நெற்றியிலும் இதே சந்தனம், இதே குங்குமம். இது எப்படி அவள் புத்திக்கு எட்டாமல் போயிற்று? எஸ்.ஐ. கையிலிருந்த புத்தகத்தைப் பறித்தாள். மேஜையில் பூஜைச் சொம்பு இருந்தது. முந்தானை நுனியை அதில் முக்கி, படத்தில் அவன் நெற்றியைத் தேய்த்தாள்.

"ஏ பொற்கொடி, தேய்க்காத! தண்ணி வைக்காத!" கருப்பசாமி தரையிலிருந்து துள்ளி எழுந்து கத்தினான்.

அவன் கத்தி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. குங்குமம் போயிற்று. அதோடு நெற்றியும் போயிற்று. கண் போயிற்று, மீசை போயிற்று. படத்தின் மேல் அதிகாரி போட்டிருந்த நீலக் கையெழுத்து கரைந்து சீலையோடு வந்தது. முத்திரை இருந்த இடத்தில் ஒரு ஊதாக் கறை. முகம் இருந்த இடத்தில் சிவப்பும் கறுப்புமாகக் குழம்பு. முந்தானையைப் பார்த்தாள். அவள் புருஷன் முகம் அதில் ஒட்டியிருந்தது.

எஸ்.ஐ. புத்தகத்தை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப இதுல யாரும்மா இருக்கறது?" எஸ்.ஐ.யின் குரலில் கோபம்கூட இல்லை. "நான் யாருன்னு எழுதறது?"

"பேரு இருக்கு சார். நம்பரு இருக்கு. அவுகதான் சார், அவுக முகத்தைப் பாருங்க சார்..."

"பேரு யாருக்கு வேணா இருக்கும். படமும் கையெழுத்தும் இருந்தாத்தான் இது இவரோடதுன்னு நான் சொல்ல முடியும்."

"கிருஷ்ணகிரி ஆபீசுல கேளுங்க சார். உங்க காலைப் புடிச்சுக்கிடுறேன் சார்." உண்மையிலேயே விழுந்தாள். ஏட்டம்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"இன்னிக்கு லீவு. நாளைக்கு விஜயதசமி, காந்தி ஜெயந்தி. ஆபீஸ் தெறந்ததும் நானே கேக்கறேன்மா. ஆனா அதுவரைக்கும்?" எஸ்.ஐ. நெற்றியைத் தடவிக்கொண்டார். "இதுக்கு மேல பொட்டு வெச்சது யாரு? லைசென்ஸ்ல இப்படிக் கை வைக்கறதே தப்பு, தெரியுமா?"

பொற்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் கருப்பசாமி, பட்டாளத்தில் நிற்பதுபோல விறைப்பாக நின்றுகொண்டு சொன்னான்.

"நான்தான் சார். துப்பாக்கிக்கு வச்சப்ப அதுக்கும் நானே வச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

மேலுக்கு முடியவில்லை என்று முதலாளியிடம் ஒரு சின்னப் பொய் சொல்ல மறுத்தவன். போலீஸ் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் அவளுக்காகப் பொய் சொன்னான். இல்லை, நான்தான் என்று கத்த வேண்டும் என்றிருந்தது பொற்கொடிக்கு. அவன் அவளைப் பார்த்த பார்வையில் குரல் வெளியே வரவில்லை.

எஸ்.ஐ. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டாளத்துக்காரன் பொய் சொல்கிறான் என்று அவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும். புத்தகத்தை மூடி மேஜையில் வைத்தார்.

"முழுசா வந்திருந்தா விட்டிருப்பேன், சத்தியமா. இப்ப என் கையில ஒண்ணுமில்ல. ரோட்டுல நிறுத்திக் கேட்டேன், நீங்க காட்டல. தேர்தல் நேரத்துல லைசென்ஸ் காட்டாத துப்பாக்கியையும் ஆளையும் விட்டேன்னா என் வேலை போயிடும். கோர்ட்டுல சொல்லிக்குங்க. ரைட்டர், எழுதுங்க."

ரைட்டர் தயங்கினார். "சார், புக்கு நாளைக்குத்தான்..."

"ஒரு கற்பூரத்தக் காட்டி எடுங்கய்யா. அதுக்கென்ன."

ரைட்டர் வெற்றிலை மேல் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். ரிஜிஸ்டருக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார். சாமந்திப்பூவை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். இரண்டு விரலால் ரிஜிஸ்டரை வடக்குப் பக்கமாக லேசாக நகர்த்தினார். நகர்ந்தது கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் பிரித்தார். கற்பூரம் அணையக்கூட இல்லை. மறுபூஜை முடிந்துவிட்டது.

பொற்கொடி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரிஜிஸ்டர் இருந்த இடத்துக்கும் நகர்ந்த இடத்துக்கும் நடுவே மேஜையில் ஒரு கோடு சந்தனம். காலையில் அவன் கேட்டது இதைத்தான். ஒரு சூடம், லேசாக ஒரு நகர்த்தல், ஆகாதா என்று கேட்டான். சரி என்றிருந்தால் அவளே பொரியை ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து, புத்தகத்தைத் துடைத்து உறைக்குள் போட்டு அவன் கையில் கொடுத்திருப்பாள். ஆகாது என்று சொன்னது அவள் வாய்தான்.

வெளியே சென்றாயன் ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ரைட்டர் பேனாவில் இருந்த குங்குமத்தைத் தலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "பேரு?"

கருப்பசாமி பேரைச் சொன்னான். அப்பா பேரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். ரைட்டர் நிறுத்தி நிதானமாக எழுதினார். பூஜை முடித்து எடுத்த அந்தப் புத்தகத்தில் முதலில் ஏறிய பேர் அதுதான்.